தமிழிலிருந்து தமிழுக்கு

ஒருவர் சொன்னதைக் கேட்டவுடன் பதில் சொல்ல அவருக்கு வராது. கேட்டதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்வார். சொல்லி முடித்துத் தலையைக் கொஞ்சம் சரித்து, "நான் சொன்னது சரியோ?" என்பார். நாங்கள் "ஓம், சரி" என்றால்தான் அடுத்த பேச்சு. "இல்லை" என்றால் மறுபடியும் முதலிலிருந்து. அவசரக்காரர்கள் அவரோடு கதைக்க முடியாது. எனக்கு எந்தக் காலத்திலும் அவசரம் இருந்ததில்லை. அதனால் எங்களுக்கு ஒத்துப்போனது.

எங்கள் சபையின் போதகர் அவர். ஆனால் நான் அவரை முதலில் கண்டது சபையில் இல்லை, ஆஸ்பத்திரியில். கிழமை நாட்களில் அவருக்கு அங்கே மொழிபெயர்க்கிற வேலை. என் முழங்காலில் ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று ஓர் இளம் டாக்டர் நிற்கிறார். இவர் பக்கத்தில் நிற்கிறார். நான் என் பாட்டுக்கு, எங்கள் ஆளிடம் சொல்வதுபோல, "இந்தப் பொடியனுக்கு முழங்கால் எங்கை இருக்குதெண்டாவது தெரியுமோ?" என்றேன். மனுசன் ஒரு சொல் விடாமல் அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். டாக்டரின் காது சிவந்து போனது.

"ஏன் காணும் அதைப் போய்ச் சொன்னனீர்?"

"நீங்கள் சொன்னதைத்தானே அக்கா சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

டாக்டர் ஏதோ சொன்னார். இவர் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "அம்மாவின்ர முழங்கால் எங்கை இருக்குதெண்டு தனக்குத் தெரியுமாம். அம்மா சீலையை விடாமல் இழுத்துப் பிடிச்சிருக்கிறபடியாலை இன்னும் காணேல்லையாம். சரியாச் சொல்லிப்போட்டன்."

நான் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தேன்.

முழங்கால் சுகமானதால்தான் நான் சபைக்குப் போனேன் என்று பலர் சாட்சி சொல்வார்கள். அது அவர்கள் சாட்சி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். புருஷனை இழந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து, ஒருவரிடமும் கையேந்தாமல் ஆளாக்கினவள். வந்த நாள் முதல் எல்லாரும் எனக்குச் சொன்னார்களே தவிர, நான் சொன்னதை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. இவர் கேட்டார். அதற்காகப் போனேன். மற்றவர்கள் என்னை "சிஸ்டர்" என்றார்கள். எனக்குப் பிடிக்காது. நான் ஒருவருக்கும் சிஸ்டர் இல்லை. அவர் "அக்கா" என்றார்.

லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு சீலைக்கடைக்குப் பின்னால், படியேறிப் போனால் எங்கள் மண்டபம். காலையில் பாதிப்பேருக்கு ரெஸ்ரோறன்டில் வேலை, அதனால் ஆராதனை பின்னேரத்தில்தான். கீழே ரோல்ஸ் பொரிக்கிற மணம் ஜெபத்துக்குள் வந்துவிடும். எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம்: பிரசங்கி எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே "ஆமென்" சொல்வது. அர்த்தம் பார்த்துச் சொல்வதில்லை. "வாற கிழமை கூட்டம் நாலு மணிக்கு" என்று அவர் அறிவித்தாலும் ஆமென் விழும். அவர் நின்று, தலையைச் சரித்து, "நாலு மணிக்கு, சரியோ?" என்பார். அதற்கும் ஆமென்.

அவரோடு வாழ்வது லேசில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறா. "இவரோடை ஒரு சண்டை பிடிக்கேலாது அக்கா. என்ர சண்டையைத் தோய்ச்சு மடிச்சு என்ர கையிலையே திருப்பித் தருவார்."

எனக்கும் சில நேரம் அது பயமாகத்தான் இருந்தது. ஒருமுறை யேசு பிறந்த நாள் நத்தார் விருந்துக்கு யார் சமைப்பது என்று இரண்டு பெண்கள் சண்டை பிடித்தார்கள். இவர் நடுவில் இருந்து, இவள் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவளுக்கும் அச்சாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் மற்றவள் நினைப்பது முழுதாக விளங்கியது. அதோடு இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். அந்த நத்தாருக்குக் கடையில் வாங்கிய கொத்துரொட்டிதான். எல்லாம் விளங்கினால் நல்லது என்று அவர் நம்பினார். அது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவருக்கு நேர்மாறு எங்கள் சபையின் பொண்டி மூப்பர். பொண்டி என்ற ஊரில் மரக்கறிக்கடை வைத்திருந்தவர், பெரிய குரல். எதையும் ஒருமுறை கேட்டாலே பதில் வந்துவிடும். கெட்ட மனுசன் என்று நினைத்துவிடக் கூடாது. என் முழங்கால் வெட்டியிருந்த காலத்தில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து, லிஃப்ட் இல்லாத என் வீட்டுப் படியெல்லாம் ஏறி வந்தவர் அவர்தான்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் கடைசி மகன் வந்து விழுந்தான்.

அவன் சார்செலில் இருக்கிறான், பஸ் ஓட்டுகிறான். ஒரு சனிக்கிழமை வந்தான். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து என் கையால் குடித்தவன், கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வேண்டாம் அம்மா."

"ஏன், சீனி வருத்தமோ?"

"இல்லை அம்மா. நான் இனித் தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் குடிக்கிறேல்லை. நான் மோர்மன் சபையிலை சேர்ந்திட்டன்."

அப்படி ஒரு சபை இருப்பதே எனக்குத் தெரியாது. தேத்தண்ணீர் குடிக்காத கிறிஸ்தவர்களை நான் எங்கே கண்டேன்? எங்கள் யேசுவைத்தான் கும்பிடுகிறோம் என்றான். பிறகு ஏன் வேறு சபை என்று கேட்டேன். அவன் சொன்னான், எனக்குப் பாதிதான் ஏறியது. கடைசியில் வந்த காரணத்தைச் சொன்னான்.

"அப்பாவுக்காக நான் தண்ணியிலை இறங்க வேணும் அம்மா. அவருக்குப் பதிலா நான் முழுகி ஞானஸ்நானம் எடுக்கலாம். எங்கட சபையிலை அப்பிடி இருக்குது. ஆனா நீங்கள் உயிரோடை இருக்கிறபடியாலை உங்கட சம்மதம் வேணும்."

என் புருஷன் யுத்தத்தில் இடம்பெயர்ந்த வழியில் காய்ச்சலில் போனவர். விடியற்காலையில் தோய்ந்து திருநீறு பூசாமல் ஒரு நாளும் தண்ணீர் வாயில் வைக்காதவர். வீட்டுக்குப் பிரசங்கிகள் வந்தால் இளநீர் வெட்டிக் கொடுத்து, எல்லாம் கேட்டு, "நல்லது, போயிட்டு வாங்கோ" என்று அனுப்புவார். அவரைப் போய் இவன் முழுக்காட்டப் போகிறானாம்!

"எழும்படா" என்றேன். "உன்ர சாமியையும் கொண்டு வெளியிலை போ."

போய்விட்டான். கோப்பையில் தேத்தண்ணீர் அப்படியே கிடந்தது.

அடுத்த ஞாயிறு மூப்பரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவை வேற யேசுவைச் சொல்லுறவை சிஸ்டர். வேதத்திலை தெளிவாக் கிடக்குது. பிழையான உபதேசத்தோடை வாறவனை வீட்டுக்குள்ளை எடுக்கவும் கூடாது, ஸ்தோத்திரம் சொல்லவும் கூடாது. நீங்கள் சம்மதம் குடுத்தியள் எண்டால் உங்கட ரட்சிப்பையே மறுதலிச்ச மாதிரி."

"அவன் நான் பெத்த பிள்ளை எல்லோ?"

"அதாலைதான் சொல்லுறன். தங்கச்சி குடும்பத்தை இப்பிடி ஒரு கூட்டத்திட்டைப் பறிகுடுத்தவன் நான். ரண்டு வருசம் அவையோடை கதைச்சுக் கதைச்சுத்தான் பறிகுடுத்தனான்." அதைச் சொன்னபோது அவர் குரல் சின்னதாகிவிட்டது.

அது என்ன கூட்டம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போதகரிடமும் சொன்னேன். "தம்பியோடை நான் ஒருக்காக் கதைக்கலாமோ அக்கா? உங்கட குசினியிலை, உங்கடை முன்னாலை?" என்று மட்டும் கேட்டார்.

வந்தார். மகனையும் கூட்டிக்கொண்டுதான். சமையலறையில் எனக்கும் அவனுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு இருந்தார். ஆஸ்பத்திரியில் எனக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றாரே, அதே மாதிரி.

"கொப்பர் என்ன அனாதையோ, நீ போய்த் தத்தெடுக்க?" என்று நான் கத்தினேன்.

அவர் மகன் பக்கம் திரும்பினார். "அப்பா அனாதை இல்லை எண்டு அம்மா சொல்லுறா. அவருக்கெண்டு ஒரு வழி இருந்ததாம். சரியோ அக்கா?"

"ஓம்."

"அப்பா ஒண்டும் கேள்விப்படாமல் போனவர்" என்றான் மகன். "இஞ்சை உங்கட சபையிலை அவர் எங்கை போனார் எண்டு கேட்டால் என்ன சொல்லுவினம்? நரகம் எண்டுதானே? எங்களிட்டை அப்பிடி இல்லை. அங்கையும் அவருக்குச் சொல்லப்படும். விருப்பமெண்டால் ஏற்பார். இல்லாட்டி மாட்டன் எண்டு சொல்லலாம். நான் கதவைத்தான் திறக்கிறன்."

போதகர் என் பக்கம் திரும்பி, அதைச் சொல்லுக்குச் சொல் சொன்னார். நரகம் என்ற சொல்லையும் விடவில்லை. அது அவருடைய சபையைப் பற்றிய சொல். விட்டிருக்கலாம், விடவில்லை. "சரியோ தம்பி?"

"சரி அங்கிள்."

பின்னேரம் முழுக்க இப்படியே போனது. எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும். ஆனாலும் மனுசன் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். என் சொல்லெல்லாம் அவர் வாயால் போகும்போது கோபம் வடிந்து போனது. அவன் பேச்சில் அவன் அப்பாவைத் தேடுகிற பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பா போகும்போது அவனுக்குத் தோளில் தூக்கித் திரிகிற வயது.

எழும்பும்போது மகன், "ஜெபிப்பமோ அங்கிள்?" என்று கேட்டான்.

எழும்பினவர் திரும்பக் கதிரையில் இருந்தார். "நீர் ஜெபிக்கிறதும் நான் ஜெபிக்கிறதும் ஒரே ஆளிட்டைத்தானோ எண்டு எனக்குத் தெரியேல்லை தம்பி. உமக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருப்பம்."

மூன்று பேரும் சும்மா இருந்தோம். பிறகு போனார்கள்.

இது சபைக்குத் தெரிந்தது. நான்தான் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது? ஆராதனை முடிந்தபின் மூப்பர் எழும்பினார். "பாஸ்டர் மோர்மனோடை சேர்ந்து ஜெபிச்சவராம்."

"ஜெபிக்கேல்லை. சும்மா இருந்தனாங்கள்" என்றேன் நான்.

"கண்ணை மூடிக்கொண்டோ, திறந்துகொண்டோ?"

"நான் மூடிக்கொண்டுதான் இருந்தனான். எனக்கு நித்திரை வந்திட்டுது."

சனம் சிரித்தது. மூப்பர் சிரிக்கவில்லை. கணக்காளர் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை, படித்தவள், எழும்பினாள். "கதைக்கிறதிலை பிழை இல்லை பாஸ்டர். ஆனா அவரை மீட்கிறதுக்காகக் கதைக்க வேணும். சும்மா விளங்கிக்கொள்ளக் கதைக்கிறதாலை ஆருக்கு என்ன பிரயோசனம்?"

போதகர் தொடங்கினார். "தங்கச்சி சொல்லுறது, நோக்கத்தோடை கதைக்க வேணும். மூப்பர் சொல்லுறது, கதைக்கவே கூடாது, கதைச்சால் எங்கடை ஆக்கள் போயிடுவினம். சரியோ?"

"எங்கடை பேச்சை எங்களுக்கே படிப்பிக்காதேங்கோ!" என்று மூப்பர் கத்தினார். "நீங்கள் என்ன சொல்லுறியள்? அதைச் சொல்லுங்கோ!"

"எதை மறுக்கிறம் எண்டு தெரியாமல் மறுக்கேலாது. வாற ஞாயிறு அவை என்ன நம்புகினம் எண்டு முதல் பாதியிலை சொல்லுறன். நாங்கள் எங்கை வேறுபடுறம் எண்டு மற்றப் பாதியிலை சொல்லுறன்."

அந்த ஞாயிறு மண்டபத்தில் இடமில்லை. வராதவர்களும் வந்திருந்தார்கள். அவர் மோர்மன்கள் நம்புவதைச் சொல்லத் தொடங்கினார். அவர்களே வந்து நின்று சொன்னாலும் அவ்வளவு வடிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிதாவுக்கும் எங்களைப்போல் உடம்பு உண்டு என்பார்கள் என்றார். ஆமென் விழவில்லை. பிதா வேறு, குமாரன் வேறு என்பார்கள் என்றார். ஒருவர் இருமினார். அவர்களுக்கு இன்னொரு வேதப் புத்தகமும் உண்டு என்றார். அதற்கும் ஆமென் இல்லை.

பிறகு சொன்னார்: "குடும்பம் சாவோடை பிரியிறதில்லை. தகப்பன், தாய், புருஷன், பிள்ளை, ஆரையும் ஆரும் கடைசியா இழக்கிறேல்லை. கேள்விப்படாமல் செத்ததுகளையும் கடவுள் மறக்கிறேல்லை." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

மண்டபம் முழுக்க "ஆமென்" என்றது.

நாலு மணி அறிவிப்புக்கு விழுகிற ஆமென் இல்லை அது. அங்கே இருந்தவர்களில் யாரையும் இழக்காத ஆள் ஒருவர்கூட இல்லை. ஷெல்லில் போனவர்கள், காணாமல் போனவர்கள், கடலில் போனவர்கள், எல்லாருக்கும் சேர்த்து விழுந்த ஆமென். எனக்குப் பின்னால் ஒரு பெண் அழுதாள். நானும் சொன்னேன். வாய் நிறையத்தான் சொன்னேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மூப்பர் எழும்பினார். கத்தவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"எதுக்கு ஆமென் சொன்னனீங்கள்?"

பிறகு மேடையின் பக்கம் திரும்பினார்.

"பாருங்கோ பாஸ்டர். நான் பயந்தது இதுக்குத்தான். நீங்கள் விளங்கப்படுத்தினீங்கள். சனம் விசுவாசிச்சிட்டுது."

மூப்பர் வெளியே போனார். மனைவி போனா. பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம். படித்த பிள்ளையும் போனாள். போகும்போது அழுதுகொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பாதி மண்டபம் வெறுமை. போதகர் மேடையில் அப்படியே நின்றார். பிரசங்கத்தின் மற்றப் பாதி அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

அதன்பின் பொண்டியில் ஒரு சபை, லா சப்பலில் ஒரு சபை. மூப்பர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. மரக்கறி மட்டும் அவர் கடையில்தான் வாங்கினேன். எங்கே முருங்கைக்காய் நல்லது என்று எனக்குத் தெரியும். அவரும் நிறுக்கும்போது ஒன்று கூடப் போடுவார். 

போதகர் அந்த நாளிலிருந்து மெலிந்துகொண்டே வந்தார். ஒருநாள் என் குசினிக்கு வந்தார். வழக்கம்போல, "அரைக் கோப்பை தேத்தண்ணி போதும் அக்கா" என்றார். மகனுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான். அது இன்னும் கஷ்டம்.

"பாஸ்டர், அண்டைக்கு மற்றப் பாதியிலை என்ன சொல்ல இருந்தனீங்கள்?"

கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "எல்லாம் ஆயத்தமாத்தான் வந்தனான் அக்கா. அந்த ஆமெனைக் கேட்டாப் பிறகு எனக்கு ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்லை. அவை பிழை எண்டுதான் நான் இப்பவும் நம்புறன். ஆனா அந்தச் சனத்துக்கு முன்னாலை அதை என்னண்டு சொல்லுறது?"

"அப்ப எனக்கு என்ன சொல்லுறியள்? நான் சம்மதம் குடுக்கிறதோ, விடுறதோ?"

அவர் தலையைச் சரித்தார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிச் சொல்ல என்னிடமிருந்து ஒரு சொல்லும் போகவில்லை. அப்படியிருந்தும் சொன்னார்:

"தம்பியின்ர அப்பா தன்ர வாயாலை 'ஓம்' எண்டு சொல்லாத ஒண்டை அவருக்குச் செய்ய உங்களுக்கு மனமில்லை. மூப்பருக்குப் பயந்து இல்லை. எங்கட சபைக்காகவும் இல்லை. நான் சொன்னது சரியோ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் வகுப்புப் படித்த வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. அவருக்கு வந்தது.

"ஓம்" என்றேன்.

"இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை அக்கா. நானாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." மொழிபெயர்க்கிற வேலையில் பிழை விட்டதுபோல வெட்கப்பட்டார். அரைக் கோப்பையையும் முடிக்காமல் எழும்பினார்.

பிறகு மனைவியோடு தெற்கே மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே காலமானார். செய்தி பிந்தித்தான் வந்தது. எங்கள் சபையில் இப்போது வேறு போதகர். கேட்டவுடன் பதில் சொல்வார்.

போன மாதம் என் புருஷனின் திவசம். நான் சபைக்குப் போகிறவள், திவசம் கொடுப்பதில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைப்பேன். மகன் வந்தான், சாப்பிட்டான். தேத்தண்ணீருக்குப் பதில் அவனுக்குச் சுடுதண்ணீரில் இஞ்சி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மெல்லக் கேட்டான்.

"யோசிச்சனீங்களோ அம்மா?"

நான் என் கதிரையை அவன் பக்கம் திருப்பிப் போட்டேன். "கொப்பரைத் தனிய விட்டிட்டுப் போக உனக்கு மனமில்லை. சின்னனிலை விட்டது போதும் எண்டு நினைக்கிறாய். சரியோ?"

அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. "ஓம் அம்மா. சரி."

"இப்ப என்ரையைச் சொல்லு பாப்பம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அப்பா 'ஓம்' எண்டு சொல்லாத ஒண்டை அவருக்குச் செய்ய உங்களுக்கு விருப்பமில்லை. சரியோ?"

"பாதி சரி."

"மற்றப் பாதி என்ன அம்மா?"

அந்த மண்டபத்தில் வாய் நிறைய ஆமென் சொன்னது நினைவுக்கு வந்தது. நடுவில் போட போதகர் இருந்த அந்தக் கதிரை இருந்தது, அதில் இருக்கத்தான் ஆள் இல்லை.

"அது எனக்குத் தெரிஞ்சால் உனக்குச் சொல்லமாட்டனோ?" என்றேன்.